நீதிமொழிகளுக்குள் ஒரு துண்டுச்சீட்டு

அன்புள்ள அண்ணா,

பாறசாலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். அப்பா போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருடம். ரப்பர் பாலை மெஷினில் சுற்றிக் கெட்டிப்படுத்தி விற்கிற கம்பெனி ஒன்றில் கிளார்க்காகச் சேர்ந்து, ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றவர். நினைவு ஸ்தோத்திர ஆராதனையில் கொடுக்க நாலு பக்கத்துக்கு ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்கிறான் தம்பி. "கர்த்தருக்குப் பயந்தவர், அன்பான கணவர், பாசமிகு தகப்பன், திறமையான அதிகாரி" என்று சபையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு இதையேதான் எழுதியிருக்கிறார்கள்.

"அன்பான கணவர்" என்ற இடத்தில்தான் எனக்குக் கை நின்றுவிடுகிறது. அவர் அம்மாவிடம் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்தால் நேரே கிணற்றடி. அங்கே கிடக்கும் பச்சை வாளியில் சட்டையை முக்கி, தானே அலசிப் போட்டுவிட்டுத்தான் படியேறுவார். அம்மாவைத் தொடவே விடமாட்டார், அப்படி ஒரு பிடிவாதம். அப்புறம் குளியல், சாப்பாடு, குடும்ப ஜெபம், தூக்கம். அம்மா இழுப்புக்காரி, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். அப்படியும் அந்த வரி இருந்தே ஆகவேண்டும் என்று நிற்கிறாள்.

இன்னொன்று. அவருடைய வேதப்புத்தகத்தில், நீதிமொழிகள் பத்தும் பதினொன்றும் வருகிற பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு. பென்சிலில் "10.12, 3.41". கீழே "மெ. 31". அதற்கும் கீழே "மீதி கொடுத்தாச்சு". வசன எண் என்று நினைத்துத் தேடினேன். 10:12 "பகை விரோதங்களை எழுப்பும், அன்போ சகல பாவங்களையும் மூடும்." சரி. ஆனால் 3:41 கிடையாது. மூன்றாம் அதிகாரம் 35 வசனத்தோடு முடிகிறது. இது என்ன அண்ணா?

*

அன்புள்ள தங்கைக்கு,

நான் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், விளவங்கோட்டுக்காரன். 1956 நவம்பர் 1-ல் எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது; உங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. ரப்பர் பால் அந்த எல்லையை மதித்ததே இல்லை. எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் உண்டு. அதனால் உங்கள் சீட்டைப் படித்ததும் சிரித்துவிட்டேன். அது வசனம் இல்லை, எடை. கிராம் கணக்கு.

பாலை அளந்து வாங்கினால் போதாது, அதில் ரப்பர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். நூறு கிலோ பாலில் முப்பது, முப்பத்தைந்து கிலோ ரப்பர் இருக்கும், மற்றதில் பெரும்பங்கு தண்ணீர். மரம், மழை, வெட்டுகிற நாள் எல்லாவற்றுக்கும் ஏற்ப அது ஏறும், இறங்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று மெட்ரோலாக்: தண்ணீர் சேர்த்த பாலில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது. ஒரு நிமிட வேலை, ஆனால் தோராயம். நுரையை வழிக்காமல் பார்த்தால் கோடே சரியாகத் தெரியாது. இன்னொன்று சோதனைச்சாலை வழி. பத்து கிராம் போல பாலை நிறுத்து, ஆசிட் விட்டுத் திரியவைத்து, மெல்லிசாக அழுத்தி, சூட்டடுப்பில் காயவைத்து மறுபடியும் நிறுப்பது. முடிவு வர மறுநாள் ஆகும்.

10.12 கிராம் பால், 3.41 கிராம் காய்ந்த ரப்பர். வகுத்துப் பாருங்கள், 33.7 சதவீதம். "மெ." என்பது மெட்ரோலாக். அது காட்டியது 31. வித்தியாசம் 2.7. ஒரு பேரலில் 200 கிலோ பால் என்று வைத்தால், 5.4 கிலோ ரப்பர், பத்து ரப்பர் ஷீட்டுக்கு மேலே. 31-க்கு மட்டும் காசு கொடுத்திருந்தால் அது கம்பெனி பக்கம் போயிருக்கும். "மீதி கொடுத்தாச்சு" என்று உங்கள் அப்பா எழுதி வைத்திருக்கிறார்.

யாருடைய பால், எந்த வருடம் என்று சீட்டு சொல்லவில்லை. ஒரு ஜெனரல் மேனேஜர் இதையெல்லாம் கையால் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. ஒருவேளை கிளார்க் காலத்துச் சீட்டோ என்னவோ. நாங்கள் பால் ஊற்றிய ஓர் இடத்தில் (ஊரைச் சொல்ல மாட்டேன்) மெட்ரோலாக் கோட்டை எப்போதும் குறைந்த பக்கம்தான் படிப்பார்கள். எங்கள் அப்பா வாயே திறக்காமல் காலிக் கன்னாஸை, அதாவது பால் கேனை, தூக்கிக்கொண்டு வருவார். நியாயமாகச் சொன்னால் பாலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு, எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இரண்டு பக்கமும் திருட்டு நடக்கிற தொழிலில், அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்த ஒருவரைப் பற்றி "திறமையான அதிகாரி" என்று எழுதினால் அது ஒன்றும் சொல்லாது. சீட்டை அப்படியே அச்சிடுங்கள், கணக்கோடு. அது பதினொன்றாம் அதிகாரத்துப் பக்கத்தில் ஏன் இருந்தது என்பதற்கு அங்கே முதல் வசனத்தைப் படியுங்கள், கள்ளத்தராசைப் பற்றியது. நான் எழுதினால் பிரசங்கமாகிவிடும்.

இனி அந்த வாளி. பால் கெட்டுப்போகாமலிருக்க அதில் அமோனியா விடுவார்கள். நீங்கள் சொல்கிற மாதிரிக் கம்பெனிகளில் அது காற்றிலேயே இருக்கும். ஒரு தடவை அப்படி ஒரு ஷெட்டுக்குள் போய்க் கண்ணீர் வழிய வெளியே ஓடிவந்திருக்கிறேன். என் சட்டையை மறுநாளும் யாரும் கிட்டே வைக்கவில்லை. அந்த வாடை இழுப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. உங்கள் அம்மா இழுப்புக்காரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதே பத்தியில் வாளியையும் எழுதியிருக்கிறீர்கள். நடுவில் "பிடிவாதம்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். எத்தனை வருடம் அப்படித் துவைத்தார்? மழைக்காலத்திலும் கிணற்றடியில்தானா? மேனேஜர் ஆனபிறகும் தானேதானா?

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், சுத்தம் பார்க்கிற மனிதராகவும் இருந்திருக்கலாம். அம்மாவைக் கேளுங்கள். பேச மூச்சு வாங்கினால் அவசரப்படுத்தாதீர்கள், இரண்டு நாள் ஆகட்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்ச்சொல்லாகவே போடுங்கள், திருத்த வேண்டாம்.

"பாசமிகு தகப்பன்" பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. அது நீங்களும் தம்பியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அவர் மேல் கோபம் இருந்தால் அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

புத்தகம் அச்சானதும் எனக்கு ஒன்று அனுப்புங்கள். அந்தப் பச்சை வாளி இன்னும் கிணற்றடியில் கிடக்கிறதா?