வெயிலில் நின்றுவிடும் மொரிஸ் மைனர்: பம்ப்பின் ஓசையைக் கேட்டீர்களா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என்னிடம் 1963ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று இருக்கிறது. காலையில் உடனே ஸ்டார்ட் ஆகும் கார், மதிய வேளையில் காலி வீதி நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கடையொன்றில் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. நன்றாக ஆறவிட்டால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது. மெக்கானிக் ‘வேப்பர் லொக்’ என்று சொல்லிப் பெற்றோல் பம்ப்பை மாற்றினார், பலனில்லை. 95 ஒக்டேன் பெற்றோல் அடித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஒக்டேன் எண், பெற்றோல் எஞ்சினுக்குள் தட்டாமல் எரியும் தன்மையைக் குறிக்கிறதே தவிர, அது எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதைக் குறிப்பதில்லை. ஆகவே கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பெற்றோலுடன் சிறிது மண்ணெண்ணெய் கலக்கும் பழைய கைவைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள். எஞ்சின் தட்டும், ஒயிலும் நீர்த்துப்போகும் என்பதால் அதையும் விட்டுவிடுங்கள்.

பெற்றோல் ஒரே பொருள் அன்று. அதிலுள்ள இலேசான பகுதிகள் ஏறக்குறைய 35 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். உங்கள் காரில் பெற்றோல் தாங்கி பின்புறத்திலும், எஸ்.யூ. நிறுவனத்தின் மின்பம்ப் பொனற்றுக்குள் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரிலும் இருக்கின்றன. பம்ப் அவ்வளவு தூரத்திலிருந்து உறிஞ்சுவதால் குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. நெரிசலில் காற்றோட்டமின்றிப் பொனற்றுக்குள் வெப்பம் ஏறும்போது குழாயிலோ பம்ப்பிலோ ஆவி நிறைந்துவிடும். வேப்பர் லொக் என்பது இதுதான். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்ட பம்ப், ஆவியை வெறுமனே அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும். போதாததற்கு, இந்த எஞ்சினில் கலவை உள்ளே செல்லும் மெனிபோல்ட்டும் புகை வெளியேறும் மெனிபோல்ட்டும் ஒரே பக்கத்தில் ஒரே வார்ப்பாக இருக்கின்றன. இங்கிலாந்துக் குளிரில் கலவையைச் சூடாக்கச் செய்த அந்த ஏற்பாடு, பம்பலப்பிட்டிச் சந்தியின் ஏப்ரல் வெயிலில் தேவைப்படாத அடுப்பாகிவிடுகிறது.

ஆனால் சூடேறினால் நிற்கும் கார் எல்லாவற்றுக்கும் வேப்பர் லொக்தான் காரணம் என்று முடிவுகட்டுவது நம் கராஜ்களின் பழக்கம். தீப்பொறியை உண்டாக்கும் பாகங்களான கொயிலும், டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் கொண்டென்சரும் சூடேறினால் இதே அறிகுறியைக் காட்டி, ஆறியதும் நல்ல பிள்ளையாகிவிடும். எனவே அடுத்த முறை கார் நின்றதும், எதையும் தொடாமல், சாவியைத் திருப்பிவிட்டுப் பம்ப்பைக் கவனியுங்கள். மெக்கானிக் பொருத்தியதும் டிக் டிக் என்று அடிக்கும் எஸ்.யூ. வகைதான் என்றால் அதன் ஓசையே பாதிக் கோளாற்றைச் சொல்லிவிடும்.

நான்கைந்து முறை டிக் டிக் என்று அடித்து அடங்கினால், கார்புரேற்றரில் பெற்றோல் தேங்கும் மிதவைக் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று பொருள். பெற்றோல் வந்து சேர்ந்திருக்கிறது. ஓயாமல் படபடவென்று விரைவாக அடித்தால், பம்ப் ஆவியை அல்லது காற்றை இழுக்கிறது. இதே படபடப்பு குளிர்ந்த காலையிலும் கேட்டால் அது வேப்பர் லொக் அன்று. தாங்கியில் பெற்றோல் குறைந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் வெடித்த இறப்பர்க் குழாய் வழியாகக் காற்றுப் புகுந்திருக்கலாம். மிக மெதுவாக, இழுத்து இழுத்து அடித்தால் வடிகட்டியோ குழாயோ அடைத்திருக்கிறது. கிண்ணம் வற்றியிருந்தும் ஓசையே இல்லையென்றால் பம்ப்பின் பொயின்ற் (மின்தொடுமுனை) கருகியிருக்கலாம். அதன் உடம்பில் இலேசாக ஒரு தட்டுத் தட்டினால் உயிர்பெறும் பம்ப்புகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

கிண்ணம் நிறைந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் தீப்பொறியைப் பாருங்கள். இந்த எஞ்சினில் பிளக்குகள் ஒரு பக்கமும் கார்புரேற்றர் மறுபக்கமும் இருப்பது நல்ல வசதி. உதிரி பிளக் ஒன்றை வயரில் கொளுவி, எஞ்சின் இரும்பின்மேல் கிடத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். அருகில் பெற்றோல் மணம் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பொறி நீலமாகப் பளிச்சிடாமல் மஞ்சளாகச் சோர்ந்திருந்தால் கொயிலையும் கொண்டென்சரையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

கடையிலிருந்து திரும்பும்போது நேர்வது வேறொன்றாகவும் இருக்கலாம். எஞ்சின் நின்றதும் விசிறியும் தண்ணீரும் நின்றுவிடுவதால், அடுத்த கால் மணி நேரத்தில் கார்புரேற்றர் மேலும் சூடேறி, கிண்ணத்திலுள்ள பெற்றோல் பொங்கி மெனிபோல்ட்டுக்குள் வழிகிறது. அப்போது குறை பெற்றோல் இல்லாமை அன்று, மிகுதி. கடுமையான மணமே அடையாளம். சோக்கை இழுத்தால் நிலைமை மோசமாகும். அக்செலரேற்றரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள்.

வேப்பர் லொக் என்றே உறுதியானால், பொனற்றைத் திறந்து பம்ப்பின்மேல் ஈரத்துணியைப் போடுங்கள். சூடான மெனிபோல்ட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடலாம். சற்று ஆறியபின் சாவியைத் திருப்பி, படபடப்பு அடங்கும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்யலாம். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே விட்டால் கொயில் சூடேறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நிரந்தரத் தீர்வைப் பம்ப்பில் தேடாமல் வெப்பத்தில் தேடுங்கள். ரேடியேற்றர் சேறடைந்திருந்தாலோ இக்னிஷன் நேரம் பிந்தியிருந்தாலோ மற்ற எதுவும் பலன் தராது, முதலில் அவை. பிறகு பெற்றோல் குழாயைக் கையால் தடவி, அது எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். என்னிடம் வந்த ஒரு மைனரில், யாரோ பிற்காலத்தில் பொருத்திய பிளாஸ்ரிக் வடிகட்டி மெனிபோல்ட்டுக்கு இரண்டு விரல் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இடம் மாற்றியதோடு ஒரு வருடத் தொல்லை தீர்ந்தது. கார்புரேற்றருக்கும் மெனிபோல்ட்டுக்கும் இடையிலுள்ள வெப்பந்தடுக்கும் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிப் பூட்டும்போது அதைத் தொலைத்துவிடுவோர் பலர். இவற்றோடு, மெனிபோல்ட்டுக்கு எதிரே காற்று இடைவெளி விட்டு ஓர் அலுமினியத் தகடு பொருத்தினால், பெரும்பாலும் அது போதும்.

அப்படியும் தீராவிட்டால் பின்புறத்தில், தாங்கிக்கு அருகே, தாழ்ந்த மட்டத்தில் மின்பம்ப் பொருத்தலாம். அது உறிஞ்சாமல் தள்ளுவதால் குழாயில் அழுத்தம் கூடி ஆவியாவது குறையும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது கார்புரேற்றருக்கான குறைந்த அழுத்தப் பம்ப் என்று கேட்டு வாங்குங்கள். இன்ஜெக்ஷன் வாகனத்தின் பம்ப் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 40 இறாத்தல் அழுத்தம் தரும், எஸ்.யூ. கார்புரேற்றரில் கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கும் ஊசி அதைத் தாங்காமல், சூடான மெனிபோல்ட்டின்மேல் பெற்றோல் வழிந்து தீப்பிடிக்கலாம்.

கழற்றிய பழைய பம்ப்பைக் கராஜில் விட்டுவந்திருந்தால் கேட்டு வாங்கி வையுங்கள். அது பெரும்பாலும் நல்ல பம்ப்பாகவே இருக்கும்.