தீபாவளி விற்பனையில் மைஎஸ்கியூஎல் திணறினால் பெரிய சேர்வர் வாங்கத்தான் வேண்டுமா?

கொழும்பு புறக்கோட்டையில் உள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடும் உங்கள் புடவைக் கடையின் இணையத்தளம் தீபாவளி விற்பனையில் திணறுகிறது, பெரிய சேர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ஸ்லோ குவெரி லொக்கைப் போடுங்கள். அதிக நேரம் எடுக்கும் குவெரிகளை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளைக் குறித்து வைக்கும் பதிவேடு அது. மைஎஸ்கியூஎல்லில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். போட்டாலும் 10 செக்கனுக்கு மேல் எடுப்பதைத்தான் பதியும். அதை 1 செக்கனாகக் குறையுங்கள். அதில் அடிக்கடி வரும் குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் (EXPLAIN) என்ற சொல்லைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், தரவை எப்படித் தேடுகிறது என்று காட்டும். டைப் (type) என்ற நிரலில் 'ஓல்' (ALL) என்று வந்தால், ஒரு வாடிக்கையாளரின் ஓடர்களைத் தேட முழு அட்டவணையையும் வாசிக்கிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் எண், திகதி இரண்டையும் அதே வரிசையில் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போல விரைவாகத் தேட உதவுவது) போட்டால் பெரும்பாலும் அங்கேயே பிரச்சினை தீரும். கண்ட நிரலுக்கெல்லாம் போடாதீர்கள். ஒவ்வொரு புதுப் பதிவுக்கும் அத்தனை இன்டெக்ஸிலும் எழுத வேண்டி வரும்.

அப்புறம் பஃபர் பூல், அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவை மைஎஸ்கியூஎல் வைத்துக்கொள்ளும் நினைவகப் பகுதி. இயல்பான அளவு வெறும் 128 எம்பி. தரவுத்தளத்துக்கென்றே உள்ள சேர்வர் என்றால் நினைவகத்தில் பாதிக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம்.

ரெப்ளிகா, அதாவது பிரதான சேர்வரின் தரவை நகலெடுத்து வைத்திருக்கும் இன்னொரு சேர்வர், இதற்கெல்லாம் பிறகுதான். அது சில நேரம் பின்தங்கி ஓடும். ஆகவே பணம் கட்டியவருக்கு அவருடைய ஓடரைப் பிரதான சேர்வரிலிருந்தே காட்டுங்கள்.

பெக்கப் எடுக்கிறீர்களா? சரி, அதை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தீர்களா? மீட்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் தயவுசெய்து குறித்து வையுங்கள்.