ஆறு பேர் போனோம், ஜெர்மன் தெரிந்தது எனக்கு மட்டும்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஒரே கல்லூரியிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க ஜெர்மனி போகிறோம். எல்லோரும் சேர்ந்தே தங்கலாமா? அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

உங்கள் ஐந்து பேரில் ஜெர்மன் தெரிந்தவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. அது நீங்கள்தான் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு. வேறொருவர் என்றால் தயவுசெய்து அவரிடம் காட்டுங்கள்.

நாங்கள் ஆறு பேர் 2022 குளிர்கால செமஸ்டருக்கு டிரெஸ்டன் போனோம். லோப்டாவ் பகுதியில் ஒரே கட்டடத்தில் இரண்டு வீடு. கீழே மூன்று பெண்கள், மேலே மூன்று பையன்கள். வகுப்புகள் ஆங்கிலத்தில்தான், அதனால் மற்றவர்கள் யாரும் மொழி படிக்கவில்லை. நான் மட்டும் இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் பி1 என்கிற நடுத்தர நிலை வரை முடித்திருந்தேன்.

போய் இறங்கியது அக்டோபர் 1, சனிக்கிழமை இரவு. மறுநாள் ஞாயிறு, அங்கே கடைகள் திறக்காது. திங்கட்கிழமை அக்டோபர் 3, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான நாள், நாடு முழுக்க விடுமுறை, அன்றும் கடை இல்லை. இது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. கையில் இருந்தது விமானத்தில் கொடுத்த பிஸ்கட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும். எதிர்வீட்டுப் பாட்டியிடம் கேட்டேன். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் மட்டும் திறந்திருக்கும் என்றார். போய் ரொட்டியும் பாலும் வாங்கி வந்தோம். அன்று ஐந்து பேரும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அவ்வளவு பெருமை. அங்கேதான் தப்பு செய்தேன் என்று இப்போது தெரிகிறது.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். ஆறு பேருக்கும் நான்தான் படிவம் நிரப்பினேன், ஆறு பேரோடும் நான்தான் போனேன். பிறகு காப்பீட்டுக் கடிதம், வங்கிக் கடிதம். அந்த ஊரில் எல்லாமே தபாலில்தான் வரும். தினமும் வகுப்பு முடிந்து 61ஆம் எண் பேருந்தில் வந்து இறங்கினால் சமையல்கட்டு மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் மற்றவர்களின் கடிதங்கள், உறைகூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருக்கும். "நீ ஒரு தடவை பார்த்துடேன், உனக்குத்தானே தெரியும்." இந்த வாக்கியத்தை அந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை.

அதில் ஒரு கடிதம் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம். வீட்டில் தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ஒரு வீட்டில் யாராவது ஒருவர் கட்டினால் போதும். முதலில் முகவரி பதிந்தது நான், எனவே கடிதம் என் பெயருக்கு வந்தது, நானே கட்டினேன். மூன்றில் ஒரு பங்கு கேட்டதற்கு, "நாம டிவியே பார்க்கலையே, நீ ஏன் பதில் போட்டே?" என்றாள் ஒருத்தி. பணம் பெரிய விஷயம் இல்லை. சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டியதை ஏதோ என் அசட்டுத்தனம் மாதிரி பேசியதுதான் இன்றும் உறுத்துகிறது.

சரி, குழுவாகப் போனதே வீண் என்று நான் சொல்வதாக யாராவது பின்னூட்டம் போடுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த வருடம் எரிவாயு நெருக்கடி, அரசு அலுவலகங்களில் 19 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது என்று உத்தரவு. எங்கள் வீட்டுக்காரரும் குறைத்தே வைத்திருந்தார். அந்த இருட்டில் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே விளக்கு எரிந்து நம் மொழியில் பேச்சுச் சத்தம் கேட்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகப் போனவர்களுக்குத்தான் தெரியும். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைக்கும். இரண்டு வீட்டுப் பாட்டில்களையும் ஒரு பையில் சேர்த்து, நாற்பது ஆனதும் கொண்டுபோய் பத்து யூரோ வாங்குவோம். அந்தக் காசில்தான் 1434லிருந்து நடக்கிற அந்த ஊர் கிறிஸ்துமஸ் சந்தையில் ஆறு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக வறுத்த பாதாம் சாப்பிட்டோம். அதைத் தனியாகச் சாப்பிட்டிருந்தால் இன்று ஞாபகம் இருந்திருக்காது.

ஜனவரியில் ஒரு ராத்திரி என் அறைத்தோழிக்குக் காதுவலி. பதினோரு மணிக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. 112ஐக் கூப்பிடலாம் என்றான் ஒருவன். அது உயிருக்கு ஆபத்து என்றால் கூப்பிடும் எண். டாக்டர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்தில் சாதாரண நோய்க்கு 116117 என்று வேறு எண் இருக்கிறது, உங்கள் ஐந்து பேர் போனிலும் இப்போதே பதிந்து வையுங்கள். அதில் பேசி, இரவில் திறந்திருக்கும் இடத்தைக் கேட்டு, இரண்டு பேர் அவளைத் தாங்கிக்கொண்டு போனோம். டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். எப்போதிலிருந்து வலி, எப்படிப்பட்ட வலி, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? கடைசிக் கேள்விக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. அப்புறம் 'சீழ்' என்பதற்கு எனக்கு ஜெர்மனில் சொல் தெரியவில்லை. அவள் தலையணை உறையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள், அதில் இருந்த மஞ்சள் கறையைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு "அய்ட்டர்" என்றார். அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லி அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற பயத்தில் அன்று விடியும்வரை தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று. அங்கே வகுப்பில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, பரீட்சைக்கு நாமே தனியாகப் பதிய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. மேல்வீட்டில் ஒருவன் ஒரு பாடத்தைப் பதியாமல் விட்டுவிட்டான். "நீ ஞாபகப்படுத்துவேன்னு இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் உதவி செய்கிறேன் என்று நினைத்து அவர்களைக் கையாலாகாதவர்களாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தேன். அதுவரை ஆறு பேரும் ஒரே வரிசையில்தான் உட்காருவோம். பயிற்சி வகுப்பில் ஒரு ஜெர்மன் பெண் கணக்குகளைச் சேர்ந்து போடலாமா என்று முன்பே இரண்டு முறை கேட்டிருந்தாள், எங்கள் கூட்டத்தை விட்டு எழ எனக்குக் கூச்சம். அன்று போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரிவுரை முடிந்ததும் அங்கே கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். மூன்று மாதமாகத் தட்டியிருக்கிறேன், அன்றுதான் நானும் அந்த வகுப்பில் ஒருத்தி என்று தோன்றியது. வீட்டில் இரண்டு வாரம் யாரும் சரியாகப் பேசவில்லை. சுயநலம் என்று இங்கேயும் சிலர் எழுதலாம். எழுதுங்கள். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்த மொழியை அடுத்தவர் கடிதம் படிக்க மட்டும் நான் படிக்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்ல வேண்டும். வீட்டு முன்பணம். மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம், எங்களிடம் சரியாகத்தான் வாங்கினார்கள். திருப்பித் தரும்போது குளியலறைச் சுவரில் பூஞ்சை என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். அது நாங்கள் வருவதற்கு முன்பே இருந்த கறை. குடிபோகும் அன்று எடுத்த ஒரு படம்கூட எங்களிடம் இல்லை, ஆறு பேரும் ஜன்னல் வழியாகப் பனிமூட்டத்தைத்தான் படம் எடுத்திருந்தோம். நீங்கள் சுவரை எடுங்கள். ஒவ்வொரு மூலையையும் எடுங்கள். குளிர்காலத்திலும் தினமும் ஐந்து நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை நிஜமாகவே வரும்.

சேர்ந்தே தங்கலாமா என்றால், ஒரே கட்டடம் சரி, ஒரே வீடு வேண்டாம். கடிதத்தை அவரவர் பிரிக்கட்டும். புரியாவிட்டால் போனில் மொழிபெயர்த்துப் பார்க்கட்டும். அதற்கும் மேல் என்றால் உதவுங்கள்.

நாட்டைவிட்டுக் கிளம்பும்போதும் அதே அலுவலகத்தில் முகவரியை நீக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஐந்து பேரையும் எப்படிக் கூட்டிப் போவது என்று நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் வீட்டுக்கு வந்தால் மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தாள். அலுவலக முத்திரையோடு, பரீட்சைக்குப் பதியாமல் விட்டவனின் பெயருக்கு. பக்கத்தில் கசங்கிய ஒரு கடை ரசீது. திருப்பினேன், பின்பக்கம் பேனாவால் ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான்: "குட்டன் டாக். இஷ் மோஷ்டே மிஷ் அப்மெல்டன்." வணக்கம், என் முகவரியை நீக்க வந்திருக்கிறேன். 'மோஷ்டே'வை மூன்று முறை அடித்து அடித்துத் திருத்தியிருந்தான்.

அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.