வழக்கம்போல் ஒரு கையெழுத்து

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 19. தாராவியில் இருக்கிறோம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா 22 வருடமாக இட்லி வியாபாரம் செய்கிறார். விடியற்காலையில் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று சுற்றுவார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். கல்விக்கடன் வாங்கி இன்ஜினியரிங் சேர்த்தார்கள். முதல் வருடம் மூன்று பாடத்தில் கேடி, அதாவது ஃபெயில். ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நான். இப்போதும் வகுப்பு புரிவதில்லை. அட்டெண்டன்ஸ் குறைவு, பெற்றோரை அழைத்து வா என்று கல்லூரியில் கடிதம் கொடுத்தார்கள். அப்பா கைநாட்டு. அதனால் ஐந்தாம் வகுப்பு பிராக்ரஸ் கார்டிலிருந்து நான் செய்வதுதான், வழக்கம்போல் அவர் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். தினமும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பாதி நாள் ஃபைவ் கார்டன் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பை விட்டு டெலிவரி வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் சொன்னாலும் அவர்களுக்குப் புரியாது. தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு எடுக்கிற சர்வே பேப்பர் எல்லாம் எங்கள் சந்தில் நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொல்கிறேன், அதனால் அப்பாவுக்கு ரொம்பப் பெருமை. அவர் மனசு உடையாமல் இதை எப்படிச் சொல்வது?
- பெயர் வேண்டாம், தாராவி, மும்பை

பதில்: தம்பி, உன் மூன்று கேடி என்னை அசைக்கவில்லை. இந்த ஊரில் கேடி விழாமல் இன்ஜினியரிங் முடித்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விழுந்த பாடத்தைச் சுமந்துகொண்டே அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்றுதானே அந்த ஏற்பாடே வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, கணக்கையும் மெக்கானிக்ஸையும் ஆங்கிலத்தில் கேட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் இந்தியில் சந்தேகம் கேட்டு, ராத்திரி தமிழில் யோசிக்கிறது. தடுமாறாமல் என்ன செய்யும்? அதற்கு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என்னை உறுத்துவது உன் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல். 'வழக்கம்போல்.'

ஐந்தாம் வகுப்பில் உனக்குப் பத்து வயது. பிராக்ரஸ் கார்டை அப்பாவிடம் நீட்டியிருந்தால் அவர் பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருப்பார். அந்த நீல ரேகையைப் பார்த்து வகுப்பில் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அதற்குப் பயந்து பேனாவை எடுத்தாய். பத்து வயதுப் பிள்ளையை நான் திட்ட மாட்டேன். ஆனால் இப்போது உனக்கு 19. இடைப்பட்ட ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பேனாவைக் கீழே வைக்க உனக்குத் தோன்றவில்லையே?

நீ என்ன செய்திருக்கிறாய் என்று யோசித்துப் பார். உன் அப்பாவுக்கும் உன் படிப்புக்கும் நடுவில் ஒரு கதவு. அதன் சாவி உன் சட்டைப் பையில். நல்ல செய்தி வந்தால் திறப்பாய், கெட்ட செய்தி வந்தால் பூட்டிவிடுவாய். அவர் எழுத்தறியாதவர் என்பது பள்ளிக்கூட நாளில் உனக்கு அவமானமாக இருந்தது, இன்றைக்கு வசதியாகிவிட்டது. படித்த அப்பாவாக இருந்திருந்தால் அந்தக் கடிதம் அன்று சாயங்காலமே பிடிபட்டிருக்கும். அவருக்குப் படிக்கத் தெரியாது என்ற ஒன்றை வைத்துத்தான் நீ ஃபைவ் கார்டன் மரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாய். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் மாட்டுங்காவில் ஒரு வங்கிக் கிளையில் 27 வருடம் வேலை பார்த்தவள். கல்விக்கடன் மேஜையிலும் சில வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கடனைப் பிள்ளை மட்டும் தனியாக வாங்க முடியாது, பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ கூட்டுக் கடன்தாரராகச் சேர வேண்டும். எத்தனையோ அப்பாக்கள் வேலை உடுப்போடு வருவார்கள். ஸ்டாம்ப் பேடை நகர்த்தி வைப்போம். இடது கைப் பெருவிரலை அழுத்தி, ஒவ்வொரு பக்கமாக வைப்பார்கள். ஒருவரை இன்னும் மறக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் வைத்து முடித்தபின் விரலை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். எங்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்தார், தன் வேட்டியைப் பார்த்தார். கடைசியில் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற மகன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் அப்பாவும் ஏதோ ஒரு கிளையில் அப்படி நின்றிருப்பார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாள்களில், நீ படித்துச் சொன்னதை நம்பி விரல் வைத்திருப்பார். அவர் வைத்தது நிஜமான ரேகை. நீ போட்டது பொய்யான கையெழுத்து. உங்கள் இருவரில் கைநாட்டு என்று யாரைச் சொல்வது?

'சொன்னாலும் புரியாது' என்கிறாயே, அதையும் விட மாட்டேன். எந்தத் தெருவில் எத்தனை தட்டு போகும், எந்தக் கடை எத்தனை நாள் பாக்கி என்று நோட்டே இல்லாமல் மனசில் வைத்திருக்கும் மனுஷர் அவர். 2005 ஜூலை 26-ல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி இந்த ஊர் மூழ்கியபோது அவருக்குத் தொழில் புதுசு. 2020-ல் கொரோனாவில் தாராவியைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். அடுப்பை மறுபடி பற்றவைக்க எத்தனை மாதம் காத்திருந்தாரோ, அது உனக்குத் தெரிந்திருக்கும். மாவு கெட்டுப்போனால் ஒரு நாள் வியாபாரம் போச்சு, மறுநாளுக்கு அரிசி ஊறப்போட வேண்டும் என்பது அவருக்குக் கைவந்த கணக்கு. மூன்று பாடம் போச்சு, திரும்ப எழுத வேண்டும் என்பதா அவருக்குப் புரியாது? அவருக்குப் புரிந்துவிடுமே என்றுதான் நீ பயப்படுகிறாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். சர்வே பேப்பரை ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறாய். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குத் தாள் இருந்தால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, பிந்தி வந்தவர்களுக்கு வேறு இடம் என்று தேதி பார்த்து, வரி பார்த்துச் சொல்லியிருப்பாய். யாராவது ஒரு அக்காவின் பேப்பரில் கெட்ட செய்தி இருந்தால் மாற்றிச் சொல்வாயா? மாட்டாய். அது அவர்கள் வீட்டு விஷயம், அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்று உனக்குத் தெரியும். உன்னைப் பெற்றவர்களுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

பிள்ளைகள் பெற்றவர்களுக்கு மார்க்கு கடன்பட்டிருக்கிறார்கள் என்று நான் நினைப்பவள் அல்ல. முதல் மாதச் சம்பளம்கூட இரண்டாம்பட்சம்தான். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அது கட்டாயக் கடமை. அதிலும் வீட்டில் படித்தது ஒருவன்தான் என்றால் அவன்தான் அந்த வீட்டுக்குக் கண். கண்ணே பொய் காட்டினால் அவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வார்கள்?

சரி, இனி செய்ய வேண்டியது.

அப்பா வியாபாரம் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரும் நேரமாகப் பார். அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். கல்லூரிக் கடிதத்தின் நகலும் மார்க் ஷீட்டும் கையில் இருக்கட்டும். 'அப்பா, ஒரு பேப்பர் படித்துக் காட்டணும்' என்று ஆரம்பி. சர்வே பேப்பரைப் படிப்பதுபோலவே வரி வரியாகத் தமிழில் சொல். பாடத்தின் பெயர், வாங்கிய மார்க், வேண்டிய மார்க். கையெழுத்து போட்டதையும் சொல், ஐந்தாம் வகுப்பிலிருந்து. அழுகை வந்தால் அழு, ஆனால் பாதியில் நிறுத்தாதே. அவர் கோபப்படலாம். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம். அது அவர் உரிமை, குறுக்கே போகாதே.

மனசு உடையாமல் எப்படி என்று கேட்டாய். உடையும், தம்பி. நீ சொல்லி உடைந்தால் அவரே ஒட்டவைத்துக்கொள்வார். வங்கியிலிருந்து யாரோ போன் போட்டுச் சொல்லி உடைந்தால்தான் ஆபத்து.

ஏன் வங்கி என்கிறேன் என்றால், கல்விக்கடன் மொத்தமாக வருவதில்லை, வருடா வருடம் கல்லூரிக்குத்தான் போகும். அடுத்த தவணைக்கு முன்னால் மார்க் ஷீட் கேட்பார்கள். இதை ரொம்ப நாள் மறைக்க முடியாது. அப்புறம், குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியையும் அதன்பின் ஒரு வருட வட்டியையும் மத்திய அரசு கட்டும் திட்டம் ஒன்று உண்டு. உன் கடன் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கிளையில் கேள். உடல்நலக் காரணம் இல்லாமல் பாதியில் படிப்பை நிறுத்தினால் அந்த மானியம் கிடைக்காது. டெலிவரி வேலைக்குப் போகிறேன் என்றாயே, வட்டியோடு கடனைக் கட்டும் கூட்டுக் கடன்தாரர் யார்? இட்லி விற்கும் உன் அப்பா. அவரைக் கேட்காமல் நீ எடுக்கக் கூடாத முடிவு அது.

படிப்புக்கு வருவோம். எத்தனை கேடி வரை அடுத்த வருடம் விடுவார்கள் என்று உன் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கு. மூன்றையும் ஒன்றாகத் தூக்காதே, கணக்கை முதலில் எழுது. மற்ற பாடங்களும் அதை நம்பித்தான் நிற்கின்றன. உன் பகுதியிலேயே தமிழ்ப் பள்ளியில் படித்து இன்ஜினியரிங் முடித்த அண்ணன், அக்கா யாராவது இருப்பார்கள். வாரம் இரண்டு நாள் போய் உட்கார். பரீட்சை மாதங்களில் சர்வே பேப்பர் வேலையை வேறு பையனிடம் ஒப்படை. இதை அப்பாவையே சொல்லச் சொல், சந்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது.

கடைசியாக, அந்தப் பொய்க் கையெழுத்து. ஒரு நாள் வியாபாரத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி, அப்பாவைக் கல்லூரிக்குக் கூட்டிப் போ. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடாதே, உன் துறைத் தலைவர் அறைக்கே அழைத்துப் போ. முந்தைய கையெழுத்து நான் போட்டது என்று நீயே சொல். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள். இந்த முறை அப்பா தன் கையால் வைக்கட்டும். ஸ்டாம்ப் பேட் அங்கே இருக்குமோ இருக்காதோ, ஸ்டேஷனரிக் கடையில் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள். கூடவே ஒரு ஈரத் துணியும் எடுத்துப் போ. அவர் விரலை எடுத்ததும் நீயே துடைத்து விடு.