இளம்பிள்ளை வாதம்: ஐம்பது வயதுக்குப் பின் தளரும் கால்கள் (கேள்வி பதில்)

நாகர்கோவிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், போலியோவால் பாதிக்கப்பட்டவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

குலசேகரம், ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி, 58 வயது: ஒன்றரை வயதில் இடது காலில் வாதம் வந்தது. தொடையில் கையை ஊன்றி நடந்தே இத்தனை காலமும் பால் வெட்டினேன். இரண்டு ஆண்டுகளாக நல்ல காலும் தளர்கிறது. நோய் திரும்பி வந்துவிட்டதா?

ஐயா, வைரஸ் திரும்பி வரவில்லை. உங்களிடமிருந்து பேரக்குழந்தைகளுக்கு எதுவும் தொற்றாது. போலியோ வைரஸ் குடலில் பெருகி, தொற்று கண்ட ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்குத் தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. அதன் பின் அந்த அணுக்கள் ஆட்டுவித்த தசைகள் கட்டளை கிடைக்காமல் சூம்பிப்போகின்றன. பிழைத்த அணுக்கள் புதுக் கிளைகள் விட்டு, கேட்பாரற்றுக் கிடக்கும் அண்டைத் தசைநார்களையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கின்றன. சிறுவயதில் உங்கள் கால் ஓரளவு தேறியது இதனால்தான். ஓர் அணு பல அணுக்களின் சுமையைப் பல பத்தாண்டுகள் சுமந்த பிறகு அந்தக் கிளைகள் உதிரத் தொடங்குகின்றன. இதைத்தான் போலியோ பிந்தைய நோய்க்குறி என்கிறோம். நல்ல கால் என்று நீங்கள் நம்பியதும் அன்று தப்பியதாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரு தசையின் நரம்பணுக்களில் பாதி போனாலும் பலம் குறைந்ததாக வெளியே தெரியாமல் இருக்கலாம்.

முதலில் தைராய்டு, இரத்தசோகை, சர்க்கரை, முதுகெலும்பு ஆகியவற்றைப் பரிசோதித்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு மரங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இடையிடையே உட்கார்ந்து, முட்டியைத் தாங்கும் எடை குறைந்த காலிப்பர் (காலில் கட்டும் தாங்குசட்டம்) ஒன்றை அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். என்னிடம் வந்த பலருடைய வேட்டியில், கை ஊன்றும் தொடைப்பக்கம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருக்கும். அந்தக் கையின் தோள்பட்டையும் அதே அளவுக்குத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை மறவாதீர்கள். களைத்த பின்னும் வேலையைத் தொடராதீர்கள்.

மார்த்தாண்டம்: வர்ம ஆசானிடம் உழிச்சல் செய்தால் கால் பழைய நிலைக்கு வருமா?

செத்த நரம்பணுவை எந்த எண்ணெயும் எழுப்பாது. இறுகிய தசை இளகுவதற்கும், குளிர்ந்து கிடக்கும் காலில் வெப்பம் ஏறுவதற்கும் மென்மையான தடவல் உதவும். வாதம் கண்ட காலின் எலும்பு மெலிந்திருக்கும் என்பதை ஆசானிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அழுத்தி உழிந்தால் அது முறியக்கூடும்.

கருங்கல்: இரண்டு வயதில் காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள், மறுநாள் அந்தக் கால் எழவில்லை. மருத்துவர்கள் போலியோ என்கிறார்கள், அம்மா ஊசிதான் காரணம் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உடலில் வைரஸ் இருக்கும் வேளையில் தசையில் ஊசி இறங்கினால், குத்திய அந்தக் காலிலேயே வாதம் இறங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1950ஆம் ஆண்டிலேயே பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கவனித்து எழுதினார்கள். உங்கள் அம்மா கண்டதைத்தான் சொல்கிறார். அவரை அறியாதவர் என்று யாரும் ஒதுக்கக்கூடாது.

தக்கலை, ஓய்வு பெற்ற செவிலியர்: இப்படி எழுதினால் தாய்மார்கள் தடுப்பூசிக்கே பயப்பட மாட்டார்களா? பொறுப்போடு பேசுங்கள்.

சகோதரி, உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் உண்மையை மறைத்தால் பயம் வளரவே செய்யும். அந்தப் பிள்ளைகளின் உடலில் வைரஸ் இருந்ததற்குக் காரணம் சொட்டு மருந்து கிடைக்காமல் போனதே. காரணம் தெரியாத காய்ச்சலுக்கெல்லாம் தேவையின்றி ஊசி போட்ட வழக்கம் அதன் மேல் சேர்ந்துகொண்டது.

மீண்டும் தக்கலை: அப்படியானால் ஊசியால் கால் போனவர்கள் எல்லாரும் போலியோக்காரர்களா?

இல்லை, இங்கே நீங்கள் சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். புட்டத்தில் தவறான இடத்தில் குத்தி இடுப்பு நரம்பு சேதமானவருக்கும் பாதம் தொங்கும். அவருக்கு எரிச்சலும் மரத்துப்போதலும் இருக்கும். போலியோவில் தொடு உணர்வு முழுமையாக இருக்கும், ஒரு காலில் கூடுதலும் மறுகாலில் குறைவுமாகப் பலம் போகும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் சீட்டில் போலியோ என்று எழுதி அனுப்பிய நிகழ்வுகளை நானே பார்த்திருக்கிறேன்.

குளச்சல்: இந்தியாவில்தான் போலியோ இல்லையே, இன்னும் ஏன் சொட்டு மருந்து?

நம் நாட்டில் இயற்கை வைரஸால் (சொட்டு மருந்திலிருந்து உருவாகாத, இயல்பாகப் பரவும் வைரஸால்) பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் 2014 மார்ச்சில் கிடைத்தது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்த வைரஸ் இன்னும் ஒழியவில்லை, பயணம் செய்யும் மனிதரின் குடலில் அதுவும் பயணம் செய்யும்.

இரணியல்: உதவித்தொகைக்கு யாரைப் பார்ப்பது?

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

திருவட்டாறு, குழித்துறை, கொட்டாரம் (மூவரும் ஒரே கேள்வி): கடினமாக உடற்பயிற்சி செய்தால் பலம் திரும்புமா?

குலசேகரத்து அன்பருக்கு எழுதியதைத் தயவுசெய்து படியுங்கள். களைத்த பின்னும் தொடராதீர்கள் என்பது உங்களுக்கும் பொருந்தும். மறுநாள் காலையிலும் வலியோ தளர்ச்சியோ மிச்சமிருந்தால் முந்தைய நாள் பயிற்சி அதிகம் என்று பொருள்.

ஆரல்வாய்மொழி: அக்காவுக்கு அடுத்த வாரம் பித்தப்பை அறுவை சிகிச்சை. சிறுவயதுப் போலியோவைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்லுங்கள், அதுவும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமே நேரில் சொல்லுங்கள். போலியோ கண்டவர்களுக்குத் தசை தளர்த்தும் மருந்து சிறு அளவிலேயே கூடுதலாக வேலை செய்யலாம், விழிப்பதற்கு நேரம் பிடிக்கலாம், மூச்சுத் தசைகளும் பலவீனமாக இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் தலைவலியோடு எழுகிறாரா என்று இன்றிரவே அக்காவிடம் கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.