அப்பலாச்சிய மலைகளில் நாட்டுப்புற இசைஞர்களையும் தாமே கற்ற கலைஞர்களையும் சந்திப்பது எப்படி?

கேள்வி: நாங்கள் வட கரோலினாவின் கேரி நகரில் வசிக்கிறோம். மகள் சில ஆண்டுகளாகக் கர்நாடக வயலின் கற்று வருகிறாள். வரும் ஜூன் மாதம் ஒரு வாரம் காரில் அப்பலாச்சிய மலைப்பகுதிக்குப் போக எண்ணியிருக்கிறோம். நாட்டுப்புற இசைஞர்களையும், எங்கும் பயிலாமல் மரம் செதுக்குபவர்கள், ஓவியம் தீட்டுபவர்களையும் அவர்கள் வீட்டிலேயே சந்திக்க ஆசை. அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? படம் எடுக்கவோ பாட்டைப் பதிவு செய்யவோ அனுமதிப்பார்களா?

பதில்: வீடு தேடிப் போகும் எண்ணத்தை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை. அங்குள்ள இசைஞர்கள் ஒளிந்து வாழ்பவர்கள் அல்லர். வாரந்தோறும் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட கடையிலோ அரங்கிலோ கூடி வாசிப்பவர்கள். அந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் போதும், மற்றவை தாமாக நடக்கும். அப்பலாச்சியா என்று கூட்டாட்சி அரசு வரையறுக்கும் பகுதி நியூயார்க் முதல் மிசிசிப்பி வரை 13 மாநிலங்களில் 423 கவுண்டிகளாக (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) விரிந்து கிடப்பதால், ஒரு வாரத்தில் அதையெல்லாம் சுற்ற முயல வேண்டாம். தென்மேற்கு வர்ஜீனியாவும் அதை ஒட்டிய வட கரோலினா எல்லையும் உங்களுக்குப் போதும்.

வீட்டுக்கே போய்ச் சந்திக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. வட கரோலினாவின் மவுண்ட் ஏரி நகரை அடுத்த டோஸ்ட் என்ற சிற்றூரில் வாழ்ந்த டாமி ஜாரெல் (1901–1985), நெடுஞ்சாலைத் துறையில் சாலை சமன்படுத்தும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஃபிடில் (நாட்டுப்புற முறையில் வாசிக்கும் வயலின்) வாசிப்பைக் கற்றுக்கொள்ள நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவரும் முகம் சுளிக்காமல் உள்ளே அழைத்துச் சோறு போட்டுச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அது ஒரு மனிதரின் பெருந்தன்மை. அதை ஊர் வழக்கம் என்று எண்ணிக்கொண்டு மற்றவர் கதவைத் தட்டுவது முறையாகாது. வட கரோலினாவில் மரங்களில் ஊதா நிறப் பட்டை பூசியிருந்தால், அது அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது என்று உரிமையாளர் விடுக்கும் எச்சரிக்கை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பயணத்தை வார இறுதியை மையமாக வைத்து அமையுங்கள். வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் ஏறத்தாழ 330 மைல் நீளும் ‘குரூக்கட் ரோடு’ என்ற இசை வழித்தடத்தில் ஃப்ளாய்டு என்ற சிறிய ஊர் இருக்கிறது. அங்குள்ள கன்ட்ரி ஸ்டோர் என்ற பழைய கடையில் வெள்ளிக்கிழமை மாலை முதலில் பக்திப் பாடல்கள், பின்னர் நடன இசை. கோடைக்காலத்தில் கூட்டம் தெருவிலும் வழியும். வெளியே ஆங்காங்கே நின்று வாசிப்பவர்களிடம்தான் பேச்சுக் கொடுப்பது எளிது. சனிக்கிழமை பகலில் மவுண்ட் ஏரிக்கு வந்தால், 1948-இல் தொடங்கிய டபிள்யூபிஏகியூ வானொலி நிலையம் பழைய திரையரங்கு ஒன்றிலிருந்து உள்ளூர்க் குழுக்களை நேரலையில் ஒலிபரப்புவதைப் பார்க்கலாம். அன்று மாலையே வர்ஜீனியாவின் ஹில்டன்ஸ் சென்றால், புகழ்பெற்ற பழைய இசைக்குழுவான கார்ட்டர் குடும்பத்தின் பெயரில் அமைந்த கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்ட் அரங்கு. அங்கே மின் கருவிகளுக்கும் மதுவுக்கும் இடமில்லை. தாத்தாக்களும் பேரக்குழந்தைகளும் ஒரே தளத்தில் ஆடுவார்கள். ஜூன் முதல் வார இறுதியில் போக முடிந்தால் மவுண்ட் ஏரியின் ஃபிடில் போட்டியைத் தவறவிடாதீர்கள். வர்ஜீனியாவின் கேலக்ஸ் நகரில் 1935 முதல் நடந்துவரும் ஃபிடில் விழா ஆகஸ்டில்தான் வரும். இத்தகைய விழாக்களில் மேடையைவிடக் கூடாரங்களுக்கு இடையே இரவு முழுக்க நடக்கும் வாசிப்பே உயிரானது.

அந்த வாசிப்பு வட்டத்துக்கென்று எழுதாத நெறி உண்டு. ‘ஓல்ட் டைம்’ என்று அவர்கள் சொல்லும் பழைய முறையில் ஒவ்வொருவரும் தனித்தனியே திறமை காட்டுவதில்லை. ஒரே மெட்டை எல்லோரும் சேர்ந்து பத்து, பதினைந்து முறை சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். தொடங்கியவர் ஒரு காலை முன்னே தூக்கினால் அது கடைசிச் சுற்று. சுருதியை மாற்றினால் பாஞ்சோ என்ற தந்திக் கருவி வாசிப்பவர் கம்பிகளை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரே சுருதியில் வெகுநேரம் இருப்பார்கள். புதிதாக வருபவர் வெளி வரிசையில் அமர்ந்து, மெட்டு பிடிபடும் வரை கேட்டு, பின்னர் மெல்லிய ஒலியில் சேர்ந்துகொள்ளலாம். அழைக்காமல் தாமாக ஒரு மெட்டைத் தொடங்கக் கூடாது.

உங்கள் மகள் வயலினைக் கட்டாயம் எடுத்துச் செல்லட்டும். ஏ சுருதியில், அதாவது நம் ஆறு கட்டையில், அமைந்த பல பழைய மெட்டுகளுக்கு அங்குள்ள ஃபிடில் கலைஞர்கள் கம்பிகளை ஏ, ஈ, ஏ, ஈ என்று சேர்ப்பார்கள். அது அவள் நாள்தோறும் சேர்க்கும் ச–ப–ச–ப அமைப்பேதான். வாசிக்காத கம்பிகள் உடன் அதிர்ந்து தம்பூராவின் பக்கத்தில் அமர்ந்தது போன்ற முழக்கத்தை எழுப்பும் காரணமும் அதுதான். தாழ்ந்த சுருதிக்குப் பழகிய கம்பிகளைத் திடீரென ஆறு கட்டைக்கு ஏற்றினால் அறுந்துபோகக்கூடும். ஆகவே உபரிக் கம்பிகள் கையில் இருக்கட்டும். அவள் உருப்படி வாசித்துக் காட்டும்படி யாரேனும் கேட்டால் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறுமனே பார்க்க வந்தவர் என்பதிலிருந்து சக கலைஞர் என்ற நிலைக்கு ஒருவரை உயர்த்துவது அந்தப் பகிர்வுதான்.

படமும் பதிவும் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டுவிட்டு எடுக்கலாம், கேட்காமல் எடுக்கக் கூடாது. 1960-களில் மலைமக்களின் வறுமையை மட்டுமே காட்டிய படங்களும் செய்திகளும் நாடெங்கும் பரவின. அந்தக் காயம் ஆழமானது. 1967-இல் கென்டக்கியின் ஜெரிமையா என்ற ஊரில், குடியிருந்தவரின் ஒப்புதலோடு படம்பிடித்துக்கொண்டிருந்த கனடாவைச் சேர்ந்த ஹ்யூ ஓ'கானர் என்ற படக் கலைஞரை அந்த நிலத்தின் உரிமையாளர் சுட்டுக் கொன்றார். இன்று அப்படி நடக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கேமரா மீதான கசப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டைப் பதிவு செய்தால் பாடியவர் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் மலையூர்களில் பாட்டுச் சேகரித்தபோது, கேட்ட மாத்திரத்தில் மெட்டை நினைவில் வைத்து உதவியவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். பாடல்களின் உரிமை கார்ட்டர் பெயரில் பதிவாயிற்று. ரிடிலின் பெயரோ பல்லாண்டுகள் வெளியே தெரியவில்லை. பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் கருவி என்பதால், இந்த இசையில் அவர்களுக்குள்ள பங்கை உங்கள் மகளுக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை என்று கருதுகிறேன்.

தாமே கற்ற கலைஞர்களைக் காண்பது இதைவிடக் கடினம். அவர்கள் கூடி வாழ்பவர்கள் அல்லர். பெரும்பாலும் தனியே, முதுமையில், தம் முற்றத்தில் வேலை செய்பவர்கள். மேற்கு வர்ஜீனியாவின் ஹின்டன் பகுதியில் வாழ்ந்த எஸ். எல். ஜோன்ஸ் (1901–1997) இளமை முதலே ஃபிடில் வாசித்தவர். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்த பிறகுதான் முழுமூச்சாக மரத்தில் முகங்களைச் செதுக்கத் தொடங்கினார். இத்தகையோரின் படைப்புகள் இன்று அருங்காட்சியகங்களில்தான் கிடைக்கின்றன. படைத்த இடத்திலேயே காண வேண்டுமென்றால், வேறொரு வார இறுதியில் ஜார்ஜியாவின் சம்மர்வில் அருகே உள்ள பாரடைஸ் கார்டனுக்குச் செல்லுங்கள். ஹோவர்ட் ஃபின்ஸ்டர் (1916–2001) ஒரு போதகர். சைக்கிள் பழுதுபார்த்து வாழ்ந்தவர். உடைந்த கண்ணாடி, சைக்கிள் உதிரிகள், சிமென்ட் ஆகியவற்றைக் கொண்டு அவர் கட்டிய தோட்டம் அது. 1976-இல், வண்ணம் படிந்த தம் விரல் நுனியில் ஒரு முகத்தைக் கண்டதாகவும், சமய ஓவியம் வரையச் சொல்லும் கட்டளை அப்போது கிடைத்ததாகவும் அவர் கூறினார். அதன்பின் எண்ணிட்டு வந்த படைப்புகள் 46,000-ஐத் தாண்டின.

உயிரோடு இருப்பவர்களைச் சந்திக்க, அந்தந்தக் கவுண்டியின் கலை மையத்திலோ நூலகத்திலோ முன்கூட்டியே கேளுங்கள். அவர்கள் கலைஞரிடம் பேசிவிட்டு நேரம் வாங்கித் தருவார்கள். மறுத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். வாங்க விரும்பினால் கலைஞரிடமே நேரடியாக வாங்குங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள். மலிவாக வாங்கி நகரத்தில் பன்மடங்கு விலைக்கு விற்ற தரகர்களை அந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன. பேரம் பேசுபவரை அவர்களோடுதான் சேர்த்து எண்ணுவார்கள்.

மலைப்பாதைகளில் பல இடங்களில் செல்பேசித் தொடர்பு இராது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். குறுந்தகடு வாங்கவும் நன்கொடைப் பெட்டியில் போடவும் சில்லறை நோட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் வந்த ஹெலீன் புயல், மலைத்தொடர் வழியே செல்லும் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலையைப் பல இடங்களில் சிதைத்ததால், புறப்படும் முன்பு தேசியப் பூங்காத் துறையின் சாலை நிலவரத்தையும், ஒவ்வோர் அரங்கின் நிகழ்ச்சி நாட்களையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.