ஊர் ஊராகப் போன நாடகப் பள்ளி

கேள்வி: தென்னாபிரிக்காவில் ஆபிரிக்கான்ஸ் மொழி நடிகர்கள் ஆரம்பத்தில் எந்தப் பள்ளியில் நடிப்புப் படித்தார்கள்?
– ஆசிரியை ஒருவர், கொட்டகலை

பதில்: கரும்பலகை வைத்த பள்ளியைத் தேடாதீர்கள், டீச்சர். ஊர் ஊராகப் போன நாடகக் குழுதான் பள்ளி. 1920களின் நடுவில் பால் டி குரூட் என்ற டச்சு நடிகர் அங்கே ஒரு குழு கட்டினார். ஆபிரிக்கான்ஸ் டச்சிலிருந்து பிரிந்த மொழி, அது 1925இல்தான் அரச மொழியானது. ஹென்ட்ரிக் ஹனெக்கொம், ஆந்த்ரே ஹூகெனெட் எல்லாம் அவரிடம் தொழில் பழகி, பிறகு தாங்களே குழு நடத்தியவர்கள். ஹூகெனெட் என்பது மேடைப் பெயர், பிறப்பில் போர்ஸ்ட்லாப்!

நம் தோட்டங்களில் காமன் கூத்து பழகுவதும் இப்படித்தானே? கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, லயத்து வாசலில் மாஸ்டர் பாடிக் காட்டுவார். என் மாமா ரதி வேஷம் கட்டியவர், தப்பு மேளச் சத்தத்துக்குக் கால் பிசகினால் மாஸ்டரின் பிரம்பு தரையில் ஒரு தட்டு தட்டும். எழுதிய பாடத்திட்டம் ஏது?

சரி, விஷயத்துக்கு வருவோம். 1947இல் அரச உதவியோடு தேசிய நாடக அமைப்பு வந்தது. ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையை 1960களின் தொடக்கத்தில் அமைத்தவர் பிரெட் எங்கெலன், பெல்ஜியக்காரர். ஆனால் அது வெள்ளைப் பிள்ளைகளுக்கான இடம். அதே ஆபிரிக்கான்ஸை வீட்டில் பேசிய கலப்பினப் பிள்ளைகளை நிறவெறிச் சட்டம் வாசலிலேயே நிறுத்தி, 1960இல் பெல்வில்லில் திறந்த தனிக் கல்லூரிக்கு அனுப்பியது.